மரத்துப்போன உடம்புக்குக் கடிகாரம்தான் காவல்: முதுகுத் தண்டுவடம் அடிபட்டவரை வீட்டில் பார்த்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

புளி உலுக்க ஏறியவர் கிளை முறிந்து விழுகிறார். சுற்றுச்சுவர் இல்லாத தோட்டத்துக் கிணற்றில் கால் வழுக்குகிறது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வண்டி சறுக்குகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தண்டுவடம் அடிபட இப்படிப் பல வழிகள். அறுவைச் சிகிச்சை முடிந்து டிஸ்சார்ஜ் சீட்டோடு வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முதுகில் வைத்த கம்பியும் திருகும் எலும்பைத்தான் பிடித்து நிறுத்தும். உள்ளே நசுங்கிய தண்டுவடத்தை அவை ஒட்டவைக்காது. திரும்பி வரக்கூடிய அசைவு, உணர்ச்சியில் பெரும்பகுதி முதல் 6 முதல் 9 மாதங்களுக்குள் வரும். அதன்பின் மெதுவாக, சுமார் 2 ஆண்டு வரை சிறிது முன்னேறலாம். ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சியோ, அதைச் சுருக்கும் சக்தியோ கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால் அது ‘முழுமையற்ற’ காயம். முன்னேற வாய்ப்பு அதிகம். மருத்துவர் ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்து போட்டிருப்பார். ‘ஏ’ என்றால் முழுமையான காயம். அந்த எழுத்தையும், காயம் எந்த மட்டத்தில் என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல விஷயங்கள் அதைப் பொறுத்தே மாறும்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடக்க வைத்துவிடலாம் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நிலத்தை விற்றுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் இன்னும் ஒப்புதல் பெற்ற சிகிச்சை அல்ல. அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அதை விற்கக் கூடாது. ஆய்வில் சேர்பவரிடம் சிகிச்சைக்குப் பணம் கேட்கவும் கூடாது.

இனி வேலைக்கு வருவோம். நல்ல உடம்பு ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தானாகவே நெளியும். மூத்திரப்பை நிறைந்தால் முட்டும். சூடு பட்டால் கை விலகும். அந்தத் தகவல் மூளைக்குப் போகிற பாதைதான் அறுந்திருக்கிறது. ஆகவே உடம்பு சொல்லாததைக் கடிகாரம் பார்த்துச் செய்ய வேண்டும். செல்போனில் அலாரம் வையுங்கள். மனசு தேறுவதும் பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது. எங்கே ஈரமாகிவிடுமோ என்ற பயத்தில் இருப்பவருக்கு எத்தனை ஆறுதல் சொன்னாலும் அவர் வாசலைத் தாண்ட மாட்டார்.

மூத்திரப்பை: முதல் வேலை இதுதான்

அடக்கவும் முடியாமல் முழுதாகப் போகவும் முடியாமல் பையில் தங்கும் மூத்திரம் கிருமியை வளர்க்கும், கல்லை உண்டாக்கும், அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நிரந்தரமாக டியூப் போட்டு வைப்பதைவிட, குறித்த நேரத்தில் சிறு குழாய் செலுத்தி வெளியேற்றிவிட்டு உடனே எடுத்துவிடும் முறையே பெரும்பாலோர்க்கு நல்லது. மருத்துவமனையிலேயே செவிலியர் முன்னால் இரண்டு மூன்று தடவை செய்து காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகே வீட்டில் தொடங்குங்கள்.

தேவையானவை: பெரியவர்களுக்கு 12 அல்லது 14 நம்பர் கத்தீட்டர் (மூத்திரம் வெளியேற்றும் அந்தச் சிறு குழாய்), லிக்னோகெயின் ஜெல்லி (மரத்துப்போகச் செய்யும் வழுவழுப்பான மருந்து), சோப்பு, சுத்தமான துணி, அளவுக் கோடு போட்ட பாத்திரம்.

1. கையை நகக்கண் வரை சோப்பு போட்டுக் கழுவுங்கள். களிம்பு, மண்ணெண்ணெய், உரம் தொட்ட கை என்றால் இரண்டு தடவை.
2. மூத்திரத் துவாரத்தைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக மட்டும்.
3. கத்தீட்டர் நுனியில் தாராளமாக ஜெல்லி தடவுங்கள். ஜெல்லிக்குப் பதில் தேங்காய் எண்ணெய் வேண்டாம்.
4. ஆண்களுக்கு உறுப்பை வயிற்றுப் பக்கமாக நிமிர்த்திப் பிடித்து, 20 முதல் 25 செ.மீ. வரை மெதுவாகச் செலுத்துங்கள். நடுவில் தடுத்தால் தள்ளாதீர்கள். சற்று நிறுத்தி, மூச்சை இழுத்துவிடச் சொல்லி, லேசான அழுத்தத்தோடு காத்திருந்தால் தசை தளர்ந்து வழிவிடும். பெண்களுக்குச் சில செ.மீ. போதும், துவாரத்தைப் பார்க்கச் சிறு கண்ணாடி உதவும். தவறி யோனிக்குள் போய்விட்டால் அந்தக் குழாயை மறுபடி பயன்படுத்தாமல் வேறொன்றை எடுங்கள்.
5. வடிவது நின்றதும் அடிவயிற்றை லேசாக அழுத்தி, குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுங்கள். கடைசியில் தங்கிய மூத்திரம் அப்போதுதான் வரும்.
6. அளவைக் குறித்து வையுங்கள்.

ஒரு நாளைக்கு 4 முதல் 6 தடவை. ஒவ்வொரு தடவையும் 400 மி.லி.க்குள் இருப்பது நல்லது. 500ஐத் தாண்டினால் இடைவெளி நீண்டுவிட்டது என்று பொருள். தண்ணீர் நாளைக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர், ஒரே மூச்சில் சொம்பு நிறைய அல்ல, மணிக்கு ஒரு டம்ளராக. படுப்பதற்கு 2 மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள். அப்படியும் ராத்திரியில் படுக்கை நனைகிறதா? பகலெல்லாம் கால் தொங்கியதால் காலில் இறங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி மூத்திரமாகிறது. சாயங்காலம் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்து, அதன்பின் ஒரு தடவை குழாய் போட்டுவிட்டுத் தூங்கினால் பல பேருக்கு இந்தத் தொல்லை குறையும்.

கத்தீட்டரை ஒரு தடவைக்கு ஒன்றாகப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. செலவு தாங்காது என்றால் மருத்துவரிடம் சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டும் சோப்பு போட்டு உள்ளும் புறமும் கழுவி, உதறி, சுத்தமான துணியில் நிழலில் உலர்த்தி, மூடிய டப்பாவில் வையுங்கள். விறைத்தாலோ மங்கினாலோ தூக்கிப் போடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் கட்டி வைப்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு.

கைவிரல் வேலை செய்யாதவருக்கு நிரந்தர டியூப் தேவைப்படலாம். அப்படியானால் டியூப்பில் மாட்டிய, மூத்திரம் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. டியூப்பைத் தொடையிலோ அடிவயிற்றிலோ பிளாஸ்திரி போட்டு நிறுத்துங்கள். இழுபட்டால் துவாரமே கிழியும். வண்டியில் தூக்கி ஏற்றும்போது பையை மடியில் வைப்பார்கள், மூத்திரம் திரும்பி ஓடும். அதைச் செய்யாதீர்கள்.

மூத்திரம் கலங்கலாக இருப்பதாலேயே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், திடீரென்று கூடிய கால் இழுப்பு (தசை தானாக விறைத்து இழுப்பது), இடையில் கசிவு, இவற்றோடு கலங்கினால்தான் அது தொற்று. மருந்துக்கு முன் மூத்திரக் கல்ச்சர் (எந்தக் கிருமி என்று பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை சிறுநீரக ஸ்கேனும், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தச் சோதனையும் தேவை.

நம் மாவட்டங்களுக்கென்று ஒரு சேர்க்கை. போர் தண்ணீரில் புளோரைடு அதிகம் உள்ள ஊர்கள் இங்கே நிறைய. கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைப் பிடித்து வையுங்கள்.

மலம்: காலைக் காபிக்குப் பின் அரை மணி

இதற்கும் கடிகாரம்தான். தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ, ஒரே நேரத்தில். சாப்பிட்ட அல்லது சூடாகக் குடித்த 20 முதல் 30 நிமிடங்களில் குடல் தானாக அசையும். அந்த நேரத்தைப் பிடியுங்கள். வலது அடிவயிற்றில் தொடங்கி மேலேறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்கும்படி வயிற்றை நீவிவிடுங்கள். இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, கையுறையும் ஜெல்லியும் போட்ட விரலை ஆசனவாயில் விட்டு, 15 முதல் 20 விநாடி மெதுவாக வட்டமாகச் சுழற்றுங்கள். 5 முதல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்தால் குடல் தள்ளும். மருத்துவர் எழுதியிருந்தால், ஆசனவாய் வழியாக வைக்கும் பிசாகோடில் 10 மி.கி. மாத்திரையை (சப்போசிட்டரி) குடல் சுவரை ஒட்டி வையுங்கள். மலத்துக்குள் செருகினால் வேலை செய்யாது.

இடுப்புக்குக் கீழ்மட்டக் காயத்தில் ஆசனவாய் தளர்ந்தே இருக்கும். சுழற்றிப் பயனில்லை, விரலால் எடுக்கத்தான் வேண்டும். அவர்களுக்கு மலம் சற்றுக் கெட்டியாக இருப்பதே வசதி. நகம் வெட்டியிருக்கட்டும்.

மூன்று நாளாகப் போகாமல், பிறகு தண்ணீராகக் கசிந்தால் அதைப் பேதி என்று நினைத்து மருந்து கொடுத்துவிடாதீர்கள். உள்ளே அடைத்த கட்டியைச் சுற்றி வழிவதாகவும் இருக்கலாம். ராகிக் களி, கீரை, கொய்யா எல்லாம் நார்ச்சத்துக்கு நல்லவை. ஆனால் தண்ணீர் குறைந்தால் அந்த நாரே அடைத்துக்கொள்ளும்.

படுக்கைப்புண்: 2 மணி நேரம், 2 நிமிடம்

தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதை நசுங்கி ரத்தம் நின்றால் சில மணி நேரத்திலேயே உள்ளே அழுகத் தொடங்கும். மேலே தெரிகிற சிறு கறுப்புப் புள்ளிக்குக் கீழே எலும்பு வரை குழி இருக்கலாம். ஆற மாதங்கள் பிடிக்கும். வராமல் தடுக்கச் செலவே இல்லை.

படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். நேர் ஒருக்களிப்பாக இல்லாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை சாய்வாக. நேராக ஒருக்களித்தால் இடுப்புக் குமிழ் எலும்பில் புண் வரும். இரண்டு முழங்கால் நடுவில் தலையணை. கெண்டைக்கால் அடியில் ஒன்று கொடுத்து, குதிகாலைப் படுக்கையில் படாமல் தொங்கவிடுங்கள். இழுத்து நகர்த்தாமல் தூக்கி நகர்த்துங்கள்.

சக்கர நாற்காலியில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ முழுதாக 2 நிமிடம். கையை ஊன்றி எம்பினால் போதும் என்று சொல்வார்கள். 2 நிமிடம் யாரும் எம்பி நிற்க முடியாது, தோள்பட்டையும் போகும். இனி தோள்தான் அவருக்குக் கால்.

காலையும் இரவும் தோலைப் பாருங்கள்: பிட்டத்து எலும்பு, வால் எலும்பு, இடுப்புக் குமிழ், குதிகால், கணுக்கால், முழங்கை. தானே பார்க்க விரும்புபவர் செல்போனில் படமெடுத்துப் பார்க்கலாம். அதுவே நல்லது, அவர் உடம்பு அவர் கையில் இருக்கும். மாநிறத் தோலில் சிவப்பு தெரியாது. நிறம் கறுத்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பாரத்தை நீக்கி 30 நிமிடம் ஆகியும் நிறம் மாறவில்லை என்றால், மாறும்வரை அந்த இடத்தில் பாரமே கூடாது. தேய்க்கவும் வேண்டாம்; எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது நசுங்கிய சதையை இன்னும் கிழிக்கும்.

நார்க்கட்டில், நைலான் பட்டைக் கட்டில் வேண்டாம். நடுவில் தொய்ந்து முழுப் பாரமும் வால் எலும்பில் இறங்கும். மெத்தை போதுமா என்று பார்க்க, அவர் படுத்திருக்கும்போது மெத்தைக்கு அடியில் உள்ளங்கை மேலாகக் கையை விடுங்கள். எலும்பு கையில் தட்டுப்பட்டால் மெத்தை போதாது. காற்று மெத்தை நல்லதுதான், ஆனால் கரண்ட் போனால் இறங்கிவிடும். அடியில் ஒரு ஃபோம் மெத்தை எப்போதும் இருக்கட்டும். நடுவில் ஓட்டை உள்ள ரிங் குஷன் வாங்காதீர்கள். அது ஓட்டையைச் சுற்றி ரத்தத்தை நிறுத்தும்.

புண் வந்துவிட்டால் நார்மல் சலைனால் கழுவி, மருத்துவர் சொன்ன கட்டு மட்டும். மஞ்சள், காபித்தூள், ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம். புரதம் அதிகம் தேவை: எடைக்கு ஒரு கிலோவுக்கு நாளைக்கு 1.25 முதல் 1.5 கிராம். 60 கிலோ ஆளுக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் உண்டு. களியும் கீரைக் குழம்பும் மட்டும் போதாது. கொள்ளு, துவரை, கடலை, கோழி, முட்டை எல்லாம் சேர வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

சூட்டுக்காயமும் இதே கதை. சுடுசோற்றுப் பாத்திரத்தை மடியில் வைப்பது, வண்டி சைலன்சர், சித்திரை வெயிலில் காய்ந்த கருங்கல் திண்ணை. உட்காரும் முன் கையால் தொட்டுப் பார்ப்பது பழக்கமாகட்டும்.

இது அவசரம்: தலை வெடிக்கிற வலி

காயம் மார்பு ஆறாம் முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ இருப்பவர்கள், அதாவது உணர்ச்சி மார்புக்குழி அளவிலோ அதற்கு மேலேயோ நின்றுவிட்டவர்கள், இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா. கீழே எங்கோ மூத்திரப்பை முட்டுகிறது. செய்தி மேலே போகாமல் ரத்த அழுத்தம் மட்டும் தாறுமாறாக ஏறுகிறது. இடிக்கிற தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது, புல்லரிப்பு, மூக்கடைப்பு. இவர்களுக்குச் சாதாரண மேல் அழுத்தமே 90 முதல் 110தான் இருக்கும். அதனால் 140 காட்டினாலே ஆபத்து. இது தெரியாத மருத்துவமனையில் ‘நார்மல்தான்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடவும் கூடும்.

உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள், காலைத் தொங்கவிடுங்கள். படுக்க வைக்கவே கூடாது. பெல்ட், சாக்ஸ், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். டியூப் மடங்கியிருக்கிறதா பாருங்கள். டியூப் இல்லையென்றால் ஜெல்லி தடவிக் கத்தீட்டர் போடுங்கள். அதிலும் தீராவிட்டால் மலம் அடைத்திருக்கலாம். அதற்கு விரலை விடும் முன் லிக்னோகெயின் ஜெல்லி தடவிச் சில நிமிடம் காத்திருங்கள், இல்லையென்றால் அழுத்தம் இன்னும் ஏறும். பிறகு புண், நகச்சுற்று, அடியில் சிக்கிய பட்டன் என்று தேடுங்கள். 2 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தம் பாருங்கள். குறையவில்லை என்றால் 108. அவருடைய வழக்கமான அழுத்தம், காயத்தின் மட்டம், இந்த நோயின் பெயர் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி லேமினேட் செய்து நாற்காலியிலேயே கட்டி வையுங்கள். ஆணுறுப்பு விறைப்புக் குறைவுக்கு மாத்திரை எடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். ரத்த அழுத்தத்தைக் குறைக்கக் கொடுக்கும் நைட்ரேட் மருந்தோடு அது சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து.

இதே மேல்மட்டக் காயக்காரர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. கோடையில் 11 மணி முதல் 4 மணி வரை நிழலிலேயே, ஈரத்துணியோடு.

கை, கால், தோள்

ஒவ்வொரு மூட்டையும் காலை மாலை 10 தடவை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். கணுக்கால் முக்கியம், பாதம் கீழ்நோக்கி விறைத்துவிட்டால் நாற்காலிப் பலகையில் நிற்காது. எலும்பு மெலிந்திருக்கும், முரட்டுத்தனமாக இழுத்தால் முறியும், முறிந்தது தெரியவும் தெரியாது.

கழுத்துக் காயத்தில் மணிக்கட்டை மட்டும் நிமிர்த்த முடிகிறவருக்கு ஒரு எச்சரிக்கை. மணிக்கட்டை நிமிர்த்தும்போது விரல்கள் தானாக மடங்கும். அந்தப் பிடியில்தான் அவர் டம்ளரைத் தூக்கப் போகிறார். மணிக்கட்டையும் விரல்களையும் ஒரே நேரத்தில் நீட்டி இழுத்துவிட்டால் அந்தப் பிடி போய்விடும். அன்போடு கை பிடித்து நீவிவிடுகிறவர்கள்தான் தெரியாமல் இதைச் செய்துவிடுகிறார்கள்.

முதல் மூன்று மாதத்தில் ஒரு கால் மட்டும் வீங்கினால் தேய்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். கால் இழுப்பு திடீரென்று கூடினால் அதற்கு மாத்திரை தேடும் முன் மூத்திரத் தொற்று, கல், புண் உண்டா என்று பாருங்கள்.

வீட்டில் மாற்ற வேண்டியது அதிகமில்லை. கதவு 32 அங்குலம். 6 அங்குலப் படிக்கு 6 அடி சாய்தளம். கட்டில் உயரம் நாற்காலி இருக்கை உயரத்துக்குச் சமம். கழிப்பறைக்கு மெத்தை வைத்த கமோடு நாற்காலி. வெறும் பிளாஸ்டிக் விளிம்பில் அரை மணி உட்கார்ந்தால் அங்கேயே புண்.

மனசு

மருத்துவமனையில் இருக்கும்வரை ஏதோ நடந்துகொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்து, விசாரிக்க வருகிறவர்கள் வருவதை நிறுத்திய பிறகு வரும் மாதங்கள்தான் கடினம். அழுகை, கோபம், யாரையும் பார்க்கப் பிடிக்காமை எல்லாம் இழப்பின் இயல்பு. ஆனால் 2 வாரத்துக்கு மேல் நாள் முழுக்கச் சோர்வு, தூக்கமின்மை, சாப்பாடு பிடிக்காமை, ‘நான் பாரம்’ என்ற பேச்சு தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோய். மருந்தும் ஆலோசனையும் உண்டு. ‘சாகலாம் போல இருக்கா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து டப்பாவையும் சேர்த்து வைத்த மாத்திரைகளையும் அன்றே வீட்டைவிட்டு எடுத்துவிடுங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, இரவிலும் தமிழில் பேசலாம்.

எரிகிற மாதிரி, ஷாக் அடிக்கிற மாதிரி உணர்ச்சியில்லாத காலில் வலிக்கிறது என்றால் நம்புங்கள். அது நரம்பு வலி. அதற்குத் தனி மருந்து இருக்கிறது. சாதாரண வலி மாத்திரை கேட்காது. தீராத வலியும் தூக்கமின்மையும் மனசைக் குலைக்கும்.

கட்டிலைப் பின்கட்டில், மாட்டுக் கொட்டகைப் பக்கம் போடாதீர்கள். தெரு தெரிகிற முன் அறையில் போடுங்கள். வந்தவர்கள் அவரைத் தாண்டி அம்மாவிடம் ‘இப்ப எப்படி இருக்கான்?’ என்று கேட்டால், ‘அவனையே கேளுங்க’ என்று சொல்லுங்கள். மாங்காய் விலை பேசுவது, கூலிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிப் பாடம் என்று முன்பு அவர் கையில் இருந்ததைத் திருப்பிக் கொடுங்கள். புளி தட்டுகிற வேலை செய்யலாம், ஆனால் தரையில் உட்கார்ந்து அல்ல; மேசையில் வைத்து, இடையிடையே சாய்ந்துகொண்டு.

தாம்பத்தியம் பற்றி யாரும் கேட்பதில்லை, மருத்துவரும் சொல்வதில்லை. முடியும். ஆண்களுக்கு மாத்திரை, அதிர்வுக் கருவி போன்ற வழிகள் உண்டு. பெண்களுக்குச் சில மாதங்களில் மாதவிலக்கு திரும்பும், கருவும் தரிக்கும். ஆகவே வேண்டாமென்றால் கருத்தடை பற்றியும் பேச வேண்டும்.

பார்த்துக்கொள்கிறவர் ஒருவராக இருக்கக் கூடாது. இரண்டாவது ஆளுக்கும் எல்லாம் கற்றுக்கொடுங்கள். மனைவியோ அம்மாவோ வாரம் ஒருநாள் ராத்திரி முழுதாகத் தூங்க வேண்டும்.

எங்கே போவது

தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அதில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்வதும் அடங்கும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அடையாள அட்டை முதலில். அதை வைத்துத்தான் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவி, சக்கர நாற்காலி, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்க முடியும்.

தங்கிப் பயிற்சி எடுக்க முடிந்தால் வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் கிட்டத்தில் இருக்கிறது. 1966இல் தொடங்கியது. அதற்குக் காரணமான மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நடந்த விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர்.

வெளியே கிளம்புவது

முதல் பயணம் 2 மணி நேரம் போதும், வாரச் சந்தைக்கோ அக்கா வீட்டுக்கோ. முந்தின நாளோ அன்று காலையோ மலம் கழித்திருக்க வேண்டும். கிளம்பும் முன் ஒருமுறை கத்தீட்டர். பையில் 2 கத்தீட்டர், ஜெல்லி, சானிடைசர், அகல வாயுள்ள ஒரு லிட்டர் பாட்டில், துண்டு, மாற்றுத் துணி, குஷனுக்கு மேல் போட ஒரு ரப்பர் ஷீட். ரப்பர் ஷீட்டில் சுருக்கம் கூடாது. ஆண்களுக்குப் பேண்ட்டைவிட லுங்கி வசதி. காரின் பின்சீட்டிலேயே மறைவாகப் பாட்டிலில் பிடித்துவிடலாம். பெண்களுக்கு இது கடினம். கல்யாணம் போன்ற நீண்ட நாளுக்கு மட்டும் நிரந்தர டியூப் போட்டுக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். பயத்தில் தண்ணீர் குடிக்காமல் கிளம்புவார்கள். அது மறுநாள் மலச்சிக்கலிலும் தொற்றிலும் வந்து நிற்கும். முன் சக்கரம் சின்னது, செம்மண்ணில் புதையும். மண் பாதையில் நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக இழுத்துப் போங்கள்.